குடியையும் பீடியையும் ஹிப்னோதெரபியால் ஒரே தடவையில் நிறுத்த முடியுமா?

அப்பா மதுரை மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார், இருபது வருடக் குடி, தினமும் ரெண்டு குவாட்டர், ஒரு கட்டு பீடி, 'ஒரே சிட்டிங்கில் மறக்கடிக்கிறோம்' என்ற நோட்டீஸைப் பார்த்தோம், கூட்டிப்போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குடிக்காக இப்போதைக்குக் கூட்டிப்போகாதீர்கள். பீடிக்கு ஹிப்னோதெரபி உதவலாம், ஆனால் ஒரே சிட்டிங்கில் நடக்காது.

காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. விடியற்காலையில் அவருக்குக் கை நடுங்குகிறது, ராத்திரி மிச்சம் வைத்த கட்டிங்கை ஊற்றினால்தான் நிற்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் அது வெறும் பழக்கமாக இல்லை, உடம்பே சாராயத்தை நம்பி ஓடுகிறது. ஒரு குவாட்டர் 180 மில்லி. 42.8 சதவீத சரக்கு என்றால் அதில் சுமார் 60 கிராம் சுத்தச் சாராயம் (ஆல்கஹால்). தினம் 120 கிராம் உள்ளே போய் மூளையை மந்தமாக்க, மூளை ஈடுகட்டத் தன் படபடப்பைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் அந்தப் படபடப்பு மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு, இல்லாத ஆளோடு பேசுவதும் மேலே பூச்சி ஊர்கிறதென்று தட்டிவிடுவதும் வரும். அந்தக் கட்டத்தில் சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகும். கோயிலில் கயிறு கட்டி நிறுத்தியவருக்கு மூன்றாம் நாள் இப்படி ஆனால், வீட்டில் சாமி குத்தம் என்று நினைத்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடுவார்கள். கயிறு மேல் எனக்கு மரியாதை உண்டு. மன உறுதிக்கு அது நல்ல பிடிமானம், ஆனால் வலிப்பைத் தடுக்காது. ஹிப்னாஸிஸும் தடுக்காது.

ஆகவே முதலில் அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் காலையில் போங்கள். எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரை கொடுத்து, சுமார் ஒரு வாரத்தில் அதைப் படிப்படியாகக் குறைத்து, தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போட்டு குடியை நிறுத்துவார்கள். தெம்புக்கென்று பக்கத்து கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றிவிடாதீர்கள். தயமின் வற்றிய உடம்பில் அது மூளையைப் பாதிக்கலாம். சோற்றில் கலந்து கொடுக்கச் சொல்லும் 'குடி மறக்கும் மருந்து' இன்னும் ஆபத்து. அதில் டைசல்ஃபிராம் (சாராயத்தோடு சேர்ந்தால் உடம்பைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து) இருந்தால், தெரியாமல் குடிப்பவருக்கு பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். போக முடியாத நிலையில் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

நடுக்கம் அடங்கி, தெளிவாகப் பேசத் தொடங்கிய பிறகுதான் ஹிப்னோதெரபிக்கு வேலை. பலர் நினைக்கிற மனவசியம் இல்லை அது. அவர் தூங்கமாட்டார், சொல்வதெல்லாம் காதில் விழும், விரும்பாததை ஏற்கமாட்டார். வீட்டார் இழுத்துவந்து உட்காரவைத்தால் பலிக்காததும் இதனால்தான்.

பீடியை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒரு வாரம், ஒவ்வொரு பீடிக்கும் நேரம், இடம், அதற்கு முந்தைய நிமிடம் என்ன நடந்தது என்று குறிக்க வேண்டும். லோடு இறக்கி முடித்ததும், டீ கிளாஸ் கைக்கு வந்ததும், சாப்பிட்டுக் கை கழுவியதும் என்று நாலைந்து இடம் திரும்பத் திரும்ப வரும். அந்த இடங்களுக்காகத்தான் சிகிச்சை. கண்ணை ஒரு புள்ளியில் நிறுத்தி, மூச்சை நீளமாக விட்டு, பத்திலிருந்து ஒன்றுவரை எண்ணி உடம்பு தளர்ந்ததும், அந்த டீக்கடையை மனதில் கொண்டுவரச் சொல்வார்கள். 'பீடி பிடிக்கமாட்டேன்' என்று சொல்லவைப்பது வீண், சொல்லும்போதே மனதில் பீடிதான் வரும். 'கிளாஸ் சூடு உள்ளங்கையில் ஏறுகிறது, மூச்சு நெஞ்சு நிறைய இறங்குகிறது' என்று அந்த இடத்தில் வேறு ஒன்றை வைக்க வேண்டும். அந்த நேரத்தில் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தப் பழக்கினால், கடையில் நிற்கும்போதும் அதே அழுத்தம் கைகொடுக்கும். அதைப் பதிவு செய்து வீட்டில் தினம் ரெண்டு வேளை, 10 அல்லது 15 நிமிடம் கேட்க வேண்டும். பெரும்பாலும் தோற்பது இதை விட்டுவிடுவதால்தான். 'நாற்றம் பட்டாலே குமட்டும்' என்று வெறுப்பை மட்டும் ஏற்றுவதும் நிற்காது. ஒரு இழுப்பு இழுத்துக் குமட்டாவிட்டால் எல்லாம் கலைந்துவிடும்.

கூடவே நிக்கோடின் சூயிங்கம்மும் வேண்டும். ஏனென்றால் 2019-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு அலசிய ஆய்வுகளில், புகைப்பதை நிறுத்த ஹிப்னோதெரபி மற்ற வழிகளைவிட மேல் என்று சொல்லப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. எழுந்த அரைமணிக்குள் முதல் பீடி என்றால் 4 மில்லிகிராம் சூயிங்கம், இல்லையென்றால் 2. மெல்லும்போது சுருக்கென்றதும் கன்னத்தில் ஒதுக்கி, சுருக்கு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும், இப்படி அரைமணி நேரம். டீ குடித்துக்கொண்டே மென்றால் மருந்து ஏறாது, கால்மணி இடைவெளி விடுங்கள். முதல் மூன்று நாள்தான் கடும் நாட்கள்.

ஹிப்னோதெரபிஸ்டைத் தேர்வதற்கு ஒரு வழி இருக்கிறது. காலையில் கை நடுங்குமா, வலிப்பு வந்திருக்கிறதா, இல்லாத குரல் காதில் கேட்குமா என்று எதையும் விசாரிக்காமல் நேராகக் கண்ணை மூடச் சொன்னால், அப்பாவைக் கூட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.