மென்பொருள் போயிற்று, பாஸ்வேர்டு போகவில்லையே?

கேள்வி: மன்னார்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பம் டிசைன்களை சென்னை லேபுக்கு ஃபைல்சில்லா என்ற ஃபைல் அனுப்பும் மென்பொருள் வழியாகத்தான் அனுப்புவேன். கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் அல்ல, உபுண்டு என்ற லினக்ஸ். புதிது வாங்கிவிட்டதால் பழையதை மைத்துனருக்குக் கொடுக்கலாம் என்று, டெர்மினலில் ‘சூடோ ஆப்ட் ரிமூவ் ஃபைல்சில்லா’ கொடுத்து நீக்கினேன். சந்தேகத்துக்கு மறுபடி இன்ஸ்டால் செய்து பார்த்தால் லேபின் முகவரி, பாஸ்வேர்டு எல்லாம் அப்படியே இருக்கின்றன. எங்கே தப்பு?

பதில்: உங்கள் மேல் தப்பில்லை. கொடுப்பதற்கு முன்னால் திறந்து பார்த்தீர்களே, அதுதான் நல்ல காரியம். கல்யாணம் முடிந்ததும் பந்தல்காரர் தன் மூங்கிலையும் கீற்றையும் அவிழ்த்துக்கொண்டு போவார். உங்கள் வீட்டு அலமாரியில் கை வைக்க மாட்டார். உபுண்டுவில் மென்பொருளை ஏற்றி இறக்கும் ஆப்ட்டும் அப்படித்தான். ரிமூவ் கொடுத்தால் மென்பொருளை எடுக்கும். பர்ஜ் கொடுத்தால், ‘இடிசி’ ஃபோல்டரில் அது வைத்த பொது செட்டிங்குகளையும் சேர்த்து எடுக்கும். இரண்டுமே உங்கள் ஹோம் ஃபோல்டரைத் தொடாது.

பாஸ்வேர்டு இருப்பது அங்கேதான். ஹோம் ஃபோல்டரைத் திறந்து கண்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்துங்கள். மறைந்திருப்பவை தெரியும். ‘டாட் கன்ஃபிக்’ என்பதற்குள் ஃபைல்சில்லா என்ற ஃபோல்டர் இருக்கும். அதில் ‘சைட்மேனேஜர் டாட் எக்ஸ்எம்எல்’ ஃபைலை நோட்பேடு மாதிரி எடிட்டரில் திறந்து பாருங்கள். லேபின் முகவரி, யூசர் பெயர், அதற்குக் கீழே கலைந்து போன எழுத்துகளாக ஒரு வரி. பார்த்தால் பூட்டி வைத்த மாதிரி இருக்கும். பூட்டே இல்லை. பேஸ்64 என்ற முறையில் மாற்றி எழுதியது அது. தெரிந்தவர் ஒரே கட்டளையில் திருப்பிவிடுவார். ஃபைல்சில்லாவில் மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்திருந்தால்தான் அது உண்மையில் பூட்டப்படும். புது கம்ப்யூட்டரில் முதல் வேலையாக அதை வையுங்கள்.

வேறு லேப் முகவரிகளும் இருந்தால், அழிப்பதற்கு முன் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்து பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த ஃபைல்சில்லா ஃபோல்டரை மவுஸாலேயே தேர்ந்தெடுத்து ஷிஃப்ட், டெலிட். டெலிட் மட்டும் அழுத்தினால் குப்பைத்தொட்டியில் உட்கார்ந்திருக்கும்.

இதை டெர்மினலில் ‘ஆர்எம்’ என்ற அழிக்கும் கட்டளையால் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். ஹோம் ஃபோல்டரைக் குறிக்கும் அந்த அலைக்கோட்டுக்குப் பிறகு தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்தால், ஹோம் ஃபோல்டர் முழுவதும், அதாவது உங்கள் கல்யாணப் படங்கள் அத்தனையும், கேள்வி கேட்காமல் போய்விடும். மயிலாடுதுறையில் நான் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியபோது ஒரு குடும்பத்தின் வளைகாப்புப் படங்கள் இப்படித்தான் போயின. அந்த அம்மாவின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

கடைசியாக, மறுபடி ஏற்றிய ஃபைல்சில்லாவை முன்போலவே ரிமூவ் கொடுத்து நீக்கிவிட்டு ‘சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்’ கொடுங்கள். ஃபைல்சில்லாவோடு துணைக்கு வந்தவையும் போகும். ஒய் அழுத்துமுன் பட்டியலை ஒருமுறை படியுங்கள். லேபில் சொல்லி பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். அவர்களிடம் எஸ்எஃப்டிபி என்ற, எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் முறை இருந்தால் அதற்கே மாறுங்கள், போர்ட் 22. 1971-இல் அபய் பூஷண் என்ற நம் நாட்டுக்காரர் எழுதிய எஃப்டிபி என்ற ஃபைல் அனுப்பும் முறை பெரிய சாதனைதான். ஆனால் போர்ட் 21 வழியாகப் போகும் அந்தப் பழைய முறை பாஸ்வேர்டை மறைக்காமல் அப்படியே அனுப்புகிறது.

கேள்வி: இன்ஸ்டால் பாதியில் கரண்ட் போய்விட்டது. இப்போது ஆப்ட் எதையும் ஏற்றவும் மாட்டேன் என்கிறது, நீக்கவும் மாட்டேன் என்கிறது. (வாசகர், திருத்துறைப்பூண்டி)

பதில்: பயப்பட வேண்டாம், ஃபார்மேட் செய்யவும் வேண்டாம். 2018-இல் கஜா புயலுக்குப் பிறகு கரண்ட் வந்து வந்து போன நாட்களில் இதே சிக்கலோடு பலர் சென்டருக்கு வந்தார்கள். ஆங்கிலச் சிறிய எழுத்தில் ‘சூடோ டிபிகேஜி’ என்று தட்டி, இடைவெளி விட்டு, இரண்டு சிறு கோடுகளை ஒட்டி ‘கன்ஃபிகர்’, மறுபடி இடைவெளி, ஒரு கோடு ஒட்டி ‘ஏ’. பாஸ்வேர்டு தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது. தட்டி என்டர் கொடுங்கள். பாதியில் நின்ற வேலையை அது முடித்துவிடும். பிறகு ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால்’ என்பதோடு ஒரு கோடும் ‘எஃப்’ எழுத்தும் சேர்த்துக் கொடுத்தால், விட்டுப்போன துணைகளையும் கொண்டுவரும். அதற்கு நெட் வேண்டும். யுபிஎஸ்ஸில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.