ஆர்சி என் பெயரில், பாலிசி பழைய ஓனர் பெயரில்: ரினியூவல் வரை விடலாமா?

கேள்வி: சில மாதங்களுக்கு முன் பழைய வண்டி விற்கும் ஒரு கன்சல்டிங்கில், மூன்று வருடம் ஓடிய ஸ்கூட்டர் வாங்கினேன். ஆர்சி என் பெயருக்கு வந்துவிட்டது. இன்சூரன்ஸ் மட்டும் பழைய ஓனர் பெயரிலேயே இருக்கிறது. முடிய இன்னும் ஏழு மாதம். "ரினியூவலில் மாற்றிக்கலாம், இப்பவே வேணும்னா 1,200 ரூபாய் ஆகும்" என்கிறார் புரோக்கர். காத்திருக்கலாமா? இன்னொன்று, என் மாமனார் தவறி இருபது நாள் ஆகிறது. அவர் பெயரில் உள்ள வண்டியை என் கணவர் ஓட்டுகிறார். அதற்கு என்ன செய்ய வேண்டும்? (வாசகி, ஈரோடு)

பதில்: காத்திருக்காதீர்கள். புரோக்கர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதைக் காட்டித்தான் மீதியையும் நம்ப வைக்கிறார்கள்.

நீங்கள் யார் மீதாவது மோதி அவருக்கு அடிபட்டால் கொடுக்க வேண்டிய நஷ்டஈடு இருக்கிறதே, அதற்கான மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வண்டியோடு வந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. போலீஸ் நிறுத்தினாலும் பிரச்சினை இல்லை. ஆனால் உங்கள் வண்டியே உடைந்தாலோ திருடு போனாலோ, கம்பெனி முதலில் பார்ப்பது பாலிசியில் யார் பெயர் என்பதைத்தான். சொந்த சேதத்துக்கான பாதுகாப்பு தானாகக் கைமாறாது என்று தொண்ணூறுகளிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய ஓனர் கேட்டால் "வண்டி உங்களுடையது இல்லையே" என்பார்கள். நீங்கள் கேட்டால் "பாலிசி உங்களுடையது இல்லையே" என்பார்கள். பிரீமியம் மட்டும் அவர்களிடமே இருக்கும்.

இதைவிடப் பெரியது 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. வண்டியின் ஓனரே ஓட்டிச் சென்று இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ கிடைக்கும் பணம் அது. இப்போதுள்ள பாலிசியை எடுத்து நாமினி பெயரைப் பாருங்கள். பழைய ஓனரின் மனைவியோ அம்மாவோ இருப்பார். உங்கள் வீட்டுக்கு அதிலிருந்து ஒரு பைசா வராது. பெயர் மாற்றும்போது இந்தக் காப்பீட்டையும் உங்கள் பெயரில், உங்கள் நாமினியோடு புதிதாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். உங்களிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும்.

விதிப்படி கைமாறிய பதினான்கு நாளுக்குள் கம்பெனிக்கு எழுதியிருக்க வேண்டும். கெடு தாண்டிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். இப்போதும் மாற்றுவார்கள், மாற்றிய நாளிலிருந்து செல்லும். அந்தக் கெடுவே ஒரு வேடிக்கை. புது ஆர்சி கையில் வரவே பல ஊர்களில் பதினான்கு நாளுக்கு மேல் ஆகிறது. ஆர்சி இல்லாமல் போனால் கவுன்டரில் திருப்பி அனுப்புகிறார்கள். 'விற்றதற்கு ஏற்கத்தக்க சான்று' இருந்தால் போதும் என்றுதான் பழைய டாரிஃப் விதியே (மோட்டார் இன்சூரன்ஸ் கட்டண விதித்தொகுப்பு) சொல்கிறது. பாலிசி விவரமும் ஆர்சி விவரமும் அரசின் ஒரே 'வாகன்' இணையதளத்தில்தான் கிடக்கின்றன. அப்புறமும் ஜெராக்ஸைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியது நாம்தான்!

சரி, செலவைப் பார்ப்போம். டாரிஃப் விதியில் பெயர் மாற்றக் கட்டணம் 50 ரூபாய். அதோடு பழைய ஓனர் அனுபவித்த நோ க்ளெய்ம் போனஸை (க்ளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) மீதி நாட்களுக்குக் கணக்குப் போட்டு உங்களிடம் வாங்குவார்கள். அந்தச் சலுகை ஆளுக்கு உரியது, வண்டிக்கு இல்லை. சொந்த சேதப் பிரீமியம் 1,000 ரூபாய், அதில் 35 சதவீதம் போனஸ் என்று வையுங்கள். வருடத்துக்கு 350 ரூபாய் சலுகை. ஏழு மாதத்துக்கு ஏறக்குறைய 204 ரூபாய். இதற்கு மேல் வரியும், விபத்துக் காப்பீட்டுக்கான பிரீமியமும் சேரும். புரோக்கர் கேட்கும் 1,200-க்குக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு முடிந்துவிடும்.

சில ஏஜென்டுகள் "போனஸை அப்படியே வச்சு ரினியூ பண்ணித் தரேன்" என்பார்கள். வேண்டாம். பிரீமியத்தில் மிச்சம் சில நூறு ரூபாய். க்ளெய்ம் வரும்போது பொய்த் தகவல் என்று மறுக்கக் கம்பெனிக்கு வாய்ப்பைக் கொடுத்துவிடுகிறீர்கள். கையெழுத்துப் போட்டது நீங்கள், ஏஜென்ட் இல்லை.

பெயரைவிட எனக்குக் கவலை தருவது செல்போன் நம்பர். கன்சல்டிங் வழியாக வந்த பாலிசியைத் திறந்தால், பெயர் ஒருவருடையது, நம்பரும் ஈமெயிலும் ஏஜென்டுடையது. ஓடிபி அவருக்குப் போகும், ரினியூவல் நினைவூட்டல் அவருக்குப் போகும், க்ளெய்மில் ஆவணம் கேட்டு வரும் செய்தியும் அவருக்கே போகும். அவர் கடையை மூடிவிட்டால் உங்கள் பாலிசியை யார் பேரைச் சொல்லித் தேடுவீர்கள்? பெயர் மாற்றும் விண்ணப்பத்திலேயே உங்கள் நம்பர், ஈமெயில், முகவரி மூன்றையும் எழுதிக் கொடுங்கள். திருத்திய பாலிசி கம்பெனியிலிருந்து நேராக உங்கள் ஈமெயிலுக்கு வர வேண்டும். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பிடிஎஃபை வைத்துத் திருப்தி அடையாதீர்கள். பாலிசி எண்ணைக் கம்பெனி தளத்தில் போட்டு உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். இனிஷியல், எழுத்துக்கூட்டு எல்லாம் ஆர்சியில் உள்ளபடியே இருக்கட்டும்.

மூன்று வருட வண்டி என்பதால் இதையும் கவனியுங்கள். 2018 செப்டம்பரிலிருந்து புது இரு சக்கர வாகனத்துக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். சொந்த சேதத்துக்கு வருடாவருடம் வேறு கம்பெனியில்கூட எடுத்திருப்பார்கள். அப்படியென்றால் உங்களிடம் இரண்டு பாலிசி இருக்கிறது, இரண்டிலும் மாற்ற வேண்டும். எழுதிக் கொடுத்தும் அசையவில்லை என்றால் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு ஈமெயில் போடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் (IRDAI) புகார் எண் 155255-க்குப் போன் செய்யுங்கள்.

மாமனார் வண்டி விஷயம் வேறு மாதிரி. ஓனர் இறந்தால் பாலிசி அன்றே செத்துவிடுவதில்லை. இறந்த நாளிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் தேதி, இதில் எது முந்தியோ அதுவரை செல்லும். அதற்குள் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். இங்கே போனஸும் பறிபோகாது; வண்டி கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் கைக்குப் போனால் தொடரும். அண்ணன் தம்பிக்குப் போனால் கிடையாது. பல வீடுகளில் அப்பா போய் நான்கு வருடம் கழித்தும் அவர் பெயரிலேயே ரினியூ செய்துகொண்டிருக்கிறார்கள். கமிஷன் வருகிறது, ஏஜென்ட் வாயைத் திறப்பதில்லை. இறந்தவர் பெயரில் எடுத்த பாலிசியை வைத்துச் சொந்த சேதம் கேட்டால் என்ன பதில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் ஆபீஸிலிருந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இறப்புச் சான்றிதழ் நகலை வைத்து இன்றே இரண்டு கடிதம் கொடுங்கள், ஒன்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு, இன்னொன்று ஆர்டிஓ ஆபீஸுக்கு. வாரிசுகளில் யார் பெயருக்கு மாற்றப்போகிறீர்களோ அவரே எழுதட்டும். இறந்த தகவலையும், வண்டியைத் தொடர்ந்து ஓட்டப்போவதையும் முப்பது நாளுக்குள் ஆர்டிஓவுக்குச் சொல்லியிருந்தால்தான் மூன்று மாதம் வரை ஓட்ட அனுமதி. பெயர் மாற்றத்துக்கான படிவம் 31-ஐ அந்த மூன்று மாதத்துக்குள் கொடுத்தால் போதும். கடிதத்துக்கு உங்களுக்கு இருப்பது இன்னும் பத்து நாள். கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.