வணிகவியல் பிரிவில் கணினிப் பயன்பாடுகள்: ஒரு தாயாரின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

தங்கள் மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஆகியவற்றோடு கணினிப் பயன்பாடுகள் பாடம் கிடைத்திருக்கிறது என்றும், 'கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்' கிடைக்காமல் போனதால் அவளுடைய வாய்ப்புகள் குறைந்துவிடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்த அச்சத்தில் ஒரு பகுதி நியாயமானது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பொறியியல் கலந்தாய்வுக்கான 200 மதிப்பெண் கட்-ஆஃப், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்றே கணக்கிடப்படுகிறது. அதில் கணினிப் பாடத்தின் மதிப்பெண்ணுக்கு இடமே இல்லை. ஆகவே மகளுக்குப் பொறியியல் ஆசை இருந்தால், தடையாக நிற்பது அந்த மூன்று பாடங்களும் இல்லாமையே. சேர்க்கை முடிவதற்குள் தலைமையாசிரியரைப் பார்த்துப் பிரிவை மாற்றிக் கேளுங்கள். பி.காம்., பட்டயக் கணக்கர் படிப்பு, வங்கித் தேர்வுகள் ஆகியவையே நோக்கம் என்றால் இந்தப் பிரிவு மிகவும் பொருத்தமானது. பி.சி.ஏ. சேர விரும்பினால் மட்டும், சில கல்லூரிகள் கணிதம் கேட்கும் என்பதால், மனத்தில் வைத்திருக்கும் கல்லூரிகளின் சேர்க்கை விதிகளை இப்போதே பார்த்துவிடுங்கள்.

பாடத்தைப் பொறுத்தவரை, கணினி அறிவியலில் சி++, பைத்தான் என நிரல் எழுதும் பயிற்சி முதன்மை பெறுகிறது. கணினிப் பயன்பாடுகளிலோ முதலாண்டில் ஓப்பன் ஆஃபிஸ் என்ற மென்பொருள் தொகுப்பின் ரைட்டர் (ஆவணம் எழுத), கால்க் (கட்டங்களில் கணக்கிட), இம்ப்ரெஸ் (படவில்லைகள் அமைக்க) ஆகியவற்றில் தொடங்கி இணையப் பக்கம் வடிவமைப்பது வரையிலும், இரண்டாமாண்டில் அச்சுப் பக்கங்களை வடிவமைக்கும் பேஜ்மேக்கர், தரவுத்தளத்துக்கான மைஎஸ்கியூஎல், இணையதளங்களுக்கு நிரல் எழுதும் பிஎச்பி, மின்வணிகம் என்றும் பாடம் விரிகிறது. இவற்றில் பேஜ்மேக்கர் காலங்கடந்த மென்பொருள் என்பது என் கருத்து. தேர்வுக்குப் படித்தால் போதும். அலுவலகங்களில் எக்செல்தானே இருக்கிறது என்று கவலைப்பட வேண்டாம், கால்க்கில் கை பழகியவருக்கு எக்செல் சில நாட்களில் வந்துவிடும்.

"கைபேசியிலேயே எல்லாம் செய்கிறாளே, இதற்கு ஒரு பாடமா?" என்று தங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். கைபேசி கோப்புகளைத் தானாகவே எங்கோ சேமித்துக்கொள்வதால், அதில் மட்டுமே பழகிய பிள்ளைகள் பலருக்கு ஒரு கோப்புக்குப் பெயரிட்டு உரிய கோப்புறையில் வைத்து, மறுநாள் தேடி எடுக்கத் தெரிவதில்லை. கணக்கு வேலையில் ஓர் உதாரணம் சொல்கிறேன். 18 சதவீதம் என்ற வரி விகிதத்தை கால்க்கில் ஒரு கட்டத்தில் எழுதி, முதல் பொருளின் விலையோடு அதைப் பெருக்கும் வாய்ப்பாட்டை (ஃபார்முலா) அமைத்து, மற்றப் பொருள்களுக்கும் அதைக் கீழே இழுத்தால், முதல் வரிசையில் மட்டும் வரி சரியாக வந்து, மற்ற வரிசைகளில் எல்லாம் சுழியம் நிற்கும். வாய்ப்பாடு ஒவ்வொரு வரிசை இறங்கும்போதும் விகிதம் இருந்த கட்டத்தை விட்டு அதற்குக் கீழுள்ள வெற்றுக் கட்டத்துக்கு நகர்ந்துவிடுவதே காரணம். விகிதக் கட்டத்தின் முகவரியில் டாலர் குறி ($) இட்டு நிறுத்திவைக்க வேண்டும். ஆடிட்டர் அலுவலகத்தில் முதல் மாதமே தேவைப்படும் இந்த அறிவு, தானே ஒருமுறை தவறு செய்து திருத்தினால்தான் கையில் நிற்கும்.

இந்தப் பாடத்தின் பெரிய குறையும் இங்கேதான் இருக்கிறது. எழுத்துத் தேர்வுக்கே 70 மதிப்பெண் என்பதால், புத்தகத்தின் பின்பக்க வினாக்களை மனப்பாடம் செய்தே நல்ல மதிப்பெண் எடுத்துவிடலாம். அப்படி எடுத்தவர்கள் ஒரு விடுப்பு விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்து அச்செடுக்கத் திணறுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனவே சேர்க்கை முடிவதற்குள், ஆய்வகத்தில் இயங்கும் கணினிகள் எத்தனை, ஒரு கணினிக்கு எத்தனை மாணவியர், பாடத்துக்கென்று நிலையான ஆசிரியர் இருக்கிறாரா, செய்முறை வகுப்பு வாரந்தோறும் நடக்கிறதா, பொதுத்தேர்வு நெருங்கும்போது மட்டும் நடக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். ஆய்வகம் திருப்தியாக இல்லாவிட்டாலும், வீட்டில் பழைய கணினி ஒன்று இருந்தால் ஓப்பன் ஆஃபிஸைப் போலவே கால்க் அடங்கிய லிப்ரே ஆஃபிஸை இலவசமாக நிறுவிப் பயிலலாம். பால், மளிகை, மின்கட்டணம் எனத் தங்கள் வீட்டு வரவு செலவையே மாதந்தோறும் கால்க்கில் எழுதும் பொறுப்பை மகளிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

கூடவே மாலை நேரத்தில் தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ப்பது நல்லது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தட்டச்சர் பணிக்குத் தட்டச்சுத் தேர்ச்சியோடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் அலுவலகத் தானியங்கிச் (ஆஃபிஸ் ஆட்டோமேஷன்) சான்றிதழையும் கேட்கிறார்கள். பள்ளியில் படிக்கும் கணினிப் பாடம் அந்தச் சான்றிதழுக்கு ஈடாகாது என்றாலும், அதற்கான தேர்வை எளிதாக்கிவிடும். தமிழ் உள்ளீட்டுக்கு ஆங்கில எழுத்துகளை அடித்துத் தமிழாக மாற்றும் வழக்கத்தை விடுத்து, 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைத் தொடக்கத்திலேயே பழகட்டும். கணக்கு எழுதும் மென்பொருளான டேலிக்கென்று இப்போதே தனியாகப் பணம் கட்ட வேண்டாம்; பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் நூலிலேயே அதற்கு ஓர் இயல் இருக்கிறது. கணக்குப்பதிவியலில் பற்று வரவு பிடிபடாமல் டேலி கற்றுப் பயனில்லை என்பதால், அந்தப் பயிற்சியைப் பொதுத்தேர்வு முடிந்த விடுமுறைக்கு ஒத்திவையுங்கள்.