அன்பு வந்த பிறகுதான் போக வேண்டுமா?

ஐயா, ஸ்தோத்திரம்.

நான் கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். சிறு வயதிலிருந்தே சபைக்குப் போகிறவள். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடமும் எடுக்கிறேன். 2021இல் கொரோனா காலத்தில், உதவி வேண்டும் என்று காட்டக் கஷ்டப்பட்ட வீடுகளில் வெள்ளைக்கொடி கட்டியபோது, எங்கள் சபையிலிருந்து அரிசியும் பால்மாவும் கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

என் சிக்கல் எதிர்வீட்டில் இருக்கிறது. அவர்கள் இந்துக் குடும்பம். மூன்று வருடங்களுக்கு முன் நடைவழியில் நாங்கள் வைத்திருந்த செருப்பு அலமாரியைப் பற்றி அந்த அம்மா மேனேஜ்மென்டில் புகார் கொடுத்து அதை எடுக்க வைத்தார். வாய்ச்சண்டை பெரிதாகிவிட்டது. அன்றிலிருந்து பேச்சு இல்லை. அலமாரி போன இடத்தில் நான் பூந்தொட்டிகளை வைத்துவிட்டேன். இப்போது அவர் கணவருக்குப் பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார். நாற்காலி என் தொட்டியில் இடிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் மனத்துக்கு என்னவோ போல இருக்கிறது. போய் உதவ வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. அன்பில்லாமல் போய் உதவினால் அது மாய்மாலம் இல்லையா? போதகரிடம் கேட்டேன். மனம் மாறும்வரை ஜெபியுங்கள், பிறகு போங்கள் என்றார். ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன், மாறவில்லை. செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை இல்லை. போகவா, காத்திருக்கவா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செந்தூல்

*

அன்புள்ள சகோதரிக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதத்தை நான்கைந்து முறை படித்தேன். உங்கள் போதகரின் ஆலோசனையை நான் குறைவாக எண்ணவில்லை. கோபத்தோடு போய் இன்னும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வராமல் இருக்க வேண்டுமே என்ற அக்கறையில் அவர் அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் இந்த விஷயத்தில் வேதம் சொல்லும் வரிசை வேறு என்று நினைக்கிறேன். மத்தேயு 5ஆம் அதிகாரத்தில், காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் அப்படியே வைத்துவிட்டு, முன்பு போய் அவனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து செலுத்து என்று ஆண்டவர் சொல்கிறார். வழிபாட்டை நடுவில் நிறுத்திவிட்டுப் போகச் சொல்லும் அளவுக்கு அந்தப் போக்கு அவருக்கு அவசரமாகப் பட்டிருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அங்கே எழுதியில்லை. அவனுக்கு உன்பேரில் குறை இருந்தால் என்றே இருக்கிறது. நடைவழியை அடைத்து அலமாரி வைத்தவர் யார் என்று உங்களிடம் கேட்க எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு இந்தப் பதிலை எழுத முடியாது.

மாய்மாலம் என்ற உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். உள்ளத்தில் இல்லாததை இருப்பதாகக் காட்டி, அதனால் பேர் வாங்கப் பார்ப்பது மாய்மாலம். உள்ளத்தில் கோபம் இருக்கும்போதே, அதை மறைத்துப் பேர் வாங்கும் எண்ணம் எதுவும் இல்லாமல், எதிரே இருப்பவருக்கு வேண்டியதைச் செய்வது கீழ்ப்படிதல். இரண்டையும் நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம். அன்பு என்றால் நெஞ்சில் ஊறும் ஓர் இளக்கம், அது ஊறிய பிறகுதான் கை அசைய வேண்டும் என்று எப்படியோ நம் மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் நம் தமிழ் வேதாகமத்தில் கட்டளை வரும் இடங்களில் பெரும்பாலும் 'அன்புகூருவாயாக' என்று வினையாகத்தான் வருகிறது. 1 கொரிந்தியர் 13இல் தமிழில் 'நீடிய சாந்தமும் தயவுமுள்ளது' என்று அன்பின் குணங்களாக நாம் வாசிக்கிறவைகூட, கிரேக்க மூலத்தில் வினைச்சொற்களே. அன்பு பொறுத்துக்கொள்கிறது, தயவு செய்கிறது என்கிற மாதிரியான வாக்கியங்கள். உணர்ச்சியை யாருக்கும் கட்டளையிட முடியாது. செயலைக் கட்டளையிடலாம், அதனால்தான் அது கட்டளையாக இருக்கிறது.

இயேசு சொன்ன கதையில், அடிபட்டு வழியில் கிடந்தவனுக்கு உதவிய வேற்றினத்தானான நல்ல சமாரியன் மனதுருகிய பிறகுதானே கிட்டே வந்தான் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், லூக்கா அப்படித்தான் எழுதியிருக்கிறார். ஆனால் மனம் உருகாதவர்களுக்கும் வேதத்தில் ஓர் இடம் இருக்கிறது. உங்கள் நிலைமைக்கு அதுவே நெருக்கமானது என்று நினைக்கிறேன். யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்தில், உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடே விழுந்து கிடப்பதைக் கண்டால், விலகிப் போகாமல் அவனோடுகூடச் சேர்ந்து அதற்கு உதவி செய் என்று ஒரு சட்டம் இருக்கிறது. அவனை நேசி என்றோ, அவனைப் பற்றிய உன் எண்ணத்தை மாற்றிக்கொள் என்றோ அந்த இடத்தில் ஒரு சொல்லும் இல்லை. கழுதையைத் தூக்கு, அவ்வளவுதான். ஆனால் 'அவனோடுகூட' என்ற அந்தச் சொல்லின்மேல் எனக்கு எப்போதும் ஒரு கண். சுமையோடு விழுந்த கழுதையைத் தூக்க வேண்டுமானால் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் நின்று, ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துத் தூக்க வேண்டும். அதற்காவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1998இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்ப் பஞ்சம் வந்து மாதக்கணக்கில் பங்கீடு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா படுத்த படுக்கை. கீழ்வீட்டு அம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் வெகுநாளாகவே ஆகாது. நாங்கள் காயப்போடும் துணியிலிருந்து சொட்டும் நீர் அவர்கள் வீட்டுத் துணியின்மேல் விழும் என்பது காரணம். ஒரு நாள் தண்ணீர் லோரி வந்து நின்றது. அம்மாவால் அப்பாவைத் தனியே விட்டுவிட்டு இறங்க முடியவில்லை, நான் வேலையிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தேன். கதவு திறந்திருந்ததால் கீழ்வீட்டு அம்மா கேட்காமலேயே உள்ளே வந்துவிட்டார். இரண்டு கையிலும் இரண்டு வாளி, சேலையின் கீழ்ப்பாதி முழுவதும் நனைந்திருந்தது. "எங்க வைக்கட்டும்?" என்று மட்டும் கேட்டார். குளியலறையில் வைக்கப் போனவர், அங்கே அப்பாவின் படுக்கை விரிப்பு இரண்டு நாளாகக் கிடப்பதைப் பார்த்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து துவைக்க ஆரம்பித்துவிட்டார். தண்ணீரை அவர் அளந்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முதல் அலசலின் நீரைக் கழிவறைக்கு என்று ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தார். அம்மா அடுக்களை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். துணிச் சண்டையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கீழ்வீட்டு அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறும் மாரியம்மன் டாலரும் இருந்தன. சமாரியன் கதையை அதன்பிறகு நான் வாசிக்கும்போதெல்லாம் அந்த டாலர் என் நினைவுக்கு வருகிறது.

அதன்பின் அவர்கள் இருவரும் உயிர்த்தோழிகள் ஆகிவிட்டதாகச் சொன்னால் அது பொய். துணியிலிருந்து தண்ணீர் சொட்டத்தான் செய்தது. கீழேயிருந்து சத்தமும் வரத்தான் செய்தது. ஆனால் அந்தச் சத்தத்தின் முடிவில் "அக்கா" என்று ஒரு சொல் கூடியிருந்தது. அன்று வாளியோடு படியேறியபோது அவர் மனத்தில் அன்பு இருந்ததா, எரிச்சல் இருந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. விரிப்பு சுத்தமாகக் காய்ந்தது. அப்பா அன்று இரவு நன்றாகத் தூங்கினார்.

இப்போது உங்கள் நடைவழிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நான் முதலில் நின்றுபோனது பூந்தொட்டியில் சக்கர நாற்காலி இடிக்கிற அந்த வரியில்தான். இந்தப் பதிலைப் படித்து முடித்ததும், செவ்வாய்க்கிழமைக்குக்கூடக் காத்திருக்காமல், அந்தத் தொட்டிகளை எடுத்துவிடுங்கள். நாற்காலி லிஃப்ட்டுப் பக்கம் திரும்ப எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவையும் விட்டுவிடுங்கள். அதற்கு யாரிடமும் பேச வேண்டியதில்லை, கோபம் தணிய வேண்டியதும் இல்லை. வெள்ளைக்கொடிக் காலத்தில் நீங்கள் செய்தது நல்ல காரியம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் அக்கம்பக்கத்தார் கண்டு உதவலாம் என்று கிளம்பிய அந்த ஏற்பாட்டில், தேவை இருப்பதைக் கொடியே சொல்லிவிட்டது. வெட்கப்பட்டுக் கொடி கட்டாத வீடுகளும் அப்போது இருந்தன. எதிர்வீட்டில் கொடி இல்லை, தொட்டியில் இடிக்கும் சத்தம்தான் இருக்கிறது. அது உங்கள் காதில் விழுந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை கதவைத் தட்டும்போது "என்ன உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொல்வது நமக்கு எளிது. கேட்கிற பாரத்தை அவர் தலையில் வைத்துவிடுகிறோம், மூன்று வருடம் பேசாதவரிடம் எந்த மனுஷி வாய் திறந்து கேட்பார்? "பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை நான் ஐயாவோடு உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் மருந்து வாங்கிவிட்டோ கொஞ்சம் தூங்கிவிட்டோ வாருங்கள்" என்று சொல்லுங்கள். பக்கவாதக்காரரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஓய்வு கிடைப்பது மிகவும் அரிது. படுக்கையிலேயே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும் என்பதால் இரவிலும் முழுத் தூக்கம் கிடையாது. அவரை நாற்காலிக்கு மாற்றும்போது இன்னொருவர் கை கூட இருந்தால், அந்த அம்மாவின் இடுப்பு தப்பும். அதற்கு முன் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வலுவிழந்த கையைப் பிடித்து இழுத்துவிடக் கூடாது.

நீங்கள் படித்தவர், மலாய் நன்றாக எழுதுவீர்கள். சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு. அட்டைக்கு மருத்துவர் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும்; ஐயா வேலை பார்த்துத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவுக்குச் சந்தா கட்டியவராக இருந்தால் இயலாமை ஓய்வூதியத்துக்கு வழி உண்டா என்று விசாரிக்க வேண்டும்; 1996இல் தொடங்கப்பட்ட தேசியப் பக்கவாதச் சங்கத்துக்குப் பெட்டாலிங் ஜெயாவில் நிலையம் இருக்கிறது, அங்கே பயிற்சி பற்றிக் கேட்கலாம். இவற்றையெல்லாம் அவர்கள் ஏற்கெனவே செய்திருக்கலாம். செய்யாவிட்டால், அடுக்களை மேசையில் உட்கார்ந்து விண்ணப்பப் பாரங்களை நிரப்பிக் கொடுப்பதுகூடப் பிறனில் அன்புகூருவதுதான். கத்தையான பாரங்களை முன்னால் வைத்துக்கொண்டு விழிக்கும் ஒருவருக்கு அது பால்மாவைவிடப் பெரிய உதவியாக இருக்கும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த வீட்டில் சுவிசேஷக் கைப்பிரதியை வைத்துவிட்டு வராதீர்கள். அவர்களாகக் கேட்டால் ஜெபியுங்கள். கேட்காவிட்டால் உங்கள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஜெபியுங்கள். எல்லா மதத்தவரும் வாசலுக்கு வாசல் வாழும் இந்த ஊரில், உதவிக்குப் பின்னால் வேறொரு நோக்கம் இருந்தால் அதை முதல் நாளிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அதன்பின் உங்கள் கையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கவும் கூசுவார்கள். அதேபோல, ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் இதைச் சொல்லாதீர்கள். பெயர் சொல்லாவிட்டாலும் செந்தூலில் யார் என்று தெரிந்துவிடும், அந்த ஐயாவின் நோய் சபையார் வாயில் புழங்க வேண்டாம். வலதுகை செய்வதை இடதுகை அறியக் கூடாது என்பது இந்த மாதிரி நேரத்துக்குத்தான்.

கதவைத் திறந்து முகத்தைப் பார்த்ததும் சாத்திவிட்டால்? வருத்தமாகத்தான் இருக்கும். அடுத்த வாரம் இன்னொரு முறை போங்கள். அப்போதும் மறுத்தால் நிறுத்திக்கொள்ளலாம், குற்ற உணர்வு வேண்டாம். எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள் என்று எழுதிய பவுல், ரோமர் 12இல் 'கூடுமானால்', 'உங்களாலானமட்டும்' என்று இரண்டு சொற்களை முன்னால் வைத்தார். தொட்டிகளை மட்டும் திரும்ப வைத்துவிடாதீர்கள்.

ஏற்றுக்கொண்டால், அளவோடு செய்யுங்கள். உங்களுக்கும் வேலையும் வீடும் ஓய்வுநாள் பள்ளியும் இருக்கின்றன. சமாரியனைப் பற்றிப் பேசும்போது நாம் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு: அவன் மறுநாளே புறப்பட்டுப் போனான். அந்த இரவு பக்கத்தில் இருந்து கவனித்தான், சத்திரத்தான் கையில் இரண்டு பணத்தைக் கொடுத்து 'இவனை விசாரித்துக்கொள்' என்றான், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்தான். அந்தக் காலத்தில் ஒரு பணம் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். தன் வாழ்க்கையையே அவன் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. முடிந்ததைச் செய்தான், மீதியை இன்னொருவரிடம் ஒப்படைத்தான், திரும்பி வருவதாகச் சொன்னான். வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையை நீங்கள் கொடுத்தால் அதுவே நிறைய. உங்கள் மாடியில் வேறு யாராவது வியாழக்கிழமை வருவார்களா என்று கேட்டுப் பார்க்கலாம்.

செருப்பு அலமாரியைப் பற்றிப் பேசும் நாளும் ஒருநாள் வரக்கூடும். வந்தால் தவிர்க்காதீர்கள். லேவியராகமம் 19இல் பிறனில் அன்புகூரு என்ற கட்டளைக்கு ஒரு வசனம் முன்னால், சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே, அவனுக்குச் சொல்ல வேண்டியதை நேரில் சொல் என்று இருக்கிறது. நீங்கள் புண்பட்டதையும் சொல்லலாம், நீங்கள் நடைவழியை அடைத்ததையும் ஒத்துக்கொள்ளலாம். முதல் செவ்வாய்க்கிழமையே வேண்டாம்.

போகும்போது சாப்பிட ஏதாவது செய்து எடுத்துப் போகத் தோன்றும். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவது சிரமமாக இருக்கும், தண்ணீர்கூடப் புரையேறலாம். அதனால் முதல் நாள் அந்த அம்மாவுக்கு மட்டும் எதையாவது கொண்டு போங்கள். ஐயா எதைச் சாப்பிடுகிறார், கஞ்சியை எவ்வளவு கெட்டியாகக் காய்ச்ச வேண்டும், உப்பு எவ்வளவு என்று அவரிடம் கேட்டுக்கொண்டு, அடுத்த வாரத்துக்குச் செய்யுங்கள்.