டட்லி வீட்டுப் பெண்

அன்புள்ள ஐயா,

என்னோடு வேலை பார்க்கும் அமெரிக்கர், 1620-இல் இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா வந்து குடியேறிய ஸ்டீவன் ஹாப்கின்ஸின் வழிவந்தவர். இணையத்தில் எடுத்த வம்சாவளியைக் காட்டினார். ஹாப்கின்ஸின் முதல் மனைவி கான்ஸ்டன்ஸ் டட்லி, பெரிய இடத்துப் பெண் என்றிருக்கிறது. நானூறு வருடத்துக்கு முந்தைய சங்கதியை இப்படி உறுதியாகச் சொல்ல முடியுமா?

க., டல்லாஸ்

அன்புள்ள க.,

சொல்ல முடியும். ஆனால் அந்த டட்லி அம்மாளை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள்.

திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்கும்படி இங்கிலாந்துத் தேவாலயங்களுக்கு 1538-லேயே உத்தரவு வந்துவிட்டது. எழுதியதில் எவ்வளவோ அழிந்துபோனது, அது வேறு விஷயம். ஹாப்கின்ஸை குளோஸ்டர்ஷயர்காரர் என்றே வெகுகாலம் எழுதிவந்தார்கள். 1998-இல்தான் கேலப் ஜான்சன் என்ற ஆய்வாளர், ஹாம்ப்ஷயரின் ஹர்ஸ்லி கிராமத்துப் பதிவேட்டில் அந்தக் குடும்பம் இருப்பதை வெளியிட்டார்.

ஸ்டீவன் ஹாப்கின்ஸ் என்ற பெயரில் அங்கே பலர் இருந்திருப்பார்கள். பெயர் ஒத்துப்போவதை மட்டும் வைத்து ஒட்டுவதுதான் இணைய வம்சாவளிகளின் வியாதி. ஜான்சனுக்குக் கைகொடுத்தது பிள்ளைகள். மேஃப்ளவரில் வந்தவர்கள் அமைத்த பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் எழுதிய பயணிகள் பட்டியலில், ஹாப்கின்ஸோடு வந்த ஜைல்ஸும் கான்ஸ்டன்ஸும் முதல் மனைவியின் பிள்ளைகள் என்று இருக்கிறது. ஹர்ஸ்லியில் ஸ்டீவன் ஹாப்கின்ஸின் பிள்ளைகளாக எலிசபெத், கான்ஸ்டன்ஸ், ஜைல்ஸ் மூவருக்கும் திருமுழுக்கு நடந்திருக்கிறது. கான்ஸ்டன்ஸுக்கு 1606 மே மாதம். வயதும் பொருந்துகிறது. தாய் மேரி, 1613 மே மாதம் அங்கேயே அடக்கம். கான்ஸ்டன்ஸ் என்பது மகளின் பெயர். டட்லி எங்கிருந்து வந்தார் என்பதை அந்த வம்சாவளியை எழுதியவரிடம்தான் கேட்க வேண்டும்!

பிரபு வீட்டுச் சம்பந்தம் போனதில் உங்கள் நண்பர் வருத்தப்படலாம். அவருக்கு பெர்முடா கதையைச் சொல்லுங்கள். 1609-இல் வர்ஜீனியாவுக்குப் போன 'சீ வெஞ்சர்' கப்பல் பெர்முடாவில் தரைதட்டியது. கப்பலே போன பிறகு, அதில் வந்த வர்ஜீனியா ஆளுநருக்கு எங்கள்மேல் என்ன அதிகாரம் என்று வாதம் பண்ணிய ஸ்டீவன் ஹாப்கின்ஸுக்கு மரண தண்டனை விதித்தார்கள். மனைவி மக்கள் நாசமாகிவிடுவார்கள் என்று அழுது மன்றாடி உயிர் தப்பினார். மேஃப்ளவரில் வந்தவரும் இவரேதான் என்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். அப்படியானால் அவர் சொல்லி அழுத அந்த மனைவி, ஹர்ஸ்லியில் மூன்று குழந்தைகளோடு இருந்த மேரிதான்.