மகள் கேட்கும் நகர வடிவமைப்பு

மதிப்பிற்குரிய ஐயா,

கணினிப் பொறியியலில் இடம் கிடைத்தும் மகள் நகர வடிவமைப்புதான் படிப்பேன் என்று நிற்பதாகவும், அவருடைய பெரியப்பாவும் மாமாவும் அதை ஏற்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் தயக்கம் புரிகிறது. ஆனால் மகளைக் கணினிப் படிப்புக்குத் தள்ளுவது உறவினரின் கௌரவமே என்றால் நான் அதற்குத் துணை நிற்க மாட்டேன். கணினிப் படிப்பைப் பற்றிச் சொல்ல உங்களைச் சுற்றிப் பலர் இருப்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

கட்டடங்களுக்கு இடைப்பட்ட வெளியை அமைப்பதே நகர வடிவமைப்பாளரின் வேலை. தெருவின் அகலம், கட்டடத்தின் உயரம், மரநிழல், தரையின் சரிவு ஆகியவையே வெயிலும் வெள்ளமும் ஒரு நகரை எவ்வளவு வாட்டும் என்பதைப் பெரிதும் முடிவு செய்கின்றன. 2011 ஜூலை 2 அன்று டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இரண்டு மணி நேரத்தில் சுமார் 150 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நிலத்தடிக் குழாய்களைப் பெரிதாக்குவதோடு நின்றுவிடாமல், தெருக்களே நீரைக் கடத்தவும் பூங்காக்களே அதைத் தேக்கிவைக்கவும் அந்நகரம் மறு ஆண்டே திட்டமிட்டது. சிங்கப்பூரின் பிஷான் பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றினார்கள். நீர் பெருகும்போது கரையிலுள்ள புல்வெளி அதற்கு இடம் கொடுக்கிறது. பள்ளத்தாக்கில் அமைந்த ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரிலோ, மலைச்சரிவிலிருந்து இரவில் இறங்கும் குளிர்காற்றின் வழியைக் கட்டடங்கள் அடைத்துவிடாதபடி வரைபடம் வைத்துக் காக்கிறார்கள். (இவற்றையெல்லாம் ‘படம் வரைவது’ என்று மாமா சுருக்கிவிட்டார்.)

பொதுவாகக் கட்டடக் கலை, நிலத்தோற்ற வடிவமைப்பு (பூங்கா போன்ற திறந்தவெளிகளை அமைப்பது), நகரத் திட்டமிடல் ஆகியவற்றுள் ஒன்றை இளநிலையில் முடித்து, முதுநிலையில் நகர வடிவமைப்புக்கு வருவார்கள். வரையும் திறனோடு, எந்த இடம் எவ்வளவு சூடாகிறது என்று காட்டும் வெப்பப் படங்களைப் படிக்கவும், மழைநீர் ஓட்டத்தைக் கணக்கிடவும், குடியிருப்போரிடம் பொறுமையாகப் பேசவும் தெரிந்தவருக்கே மாநகராட்சிகளிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் மதிப்பு உண்டு. அழகான கட்டடங்கள் மட்டுமே உங்கள் மகளை ஈர்க்கின்றன என்றால் இந்தத் துறை அவருக்குச் சலிப்பூட்டும். அதை அவரிடமே கேளுங்கள்.

செலவில் நான் வளைந்து கொடுப்பதில்லை. படிப்பு நீளமானது, தொடக்கச் சம்பளமோ பெரும்பாலும் குறைவு. ஆகவே வீட்டை அடகு வைத்துப் பெயர்பெற்ற தனியார் கல்லூரியில் சேர்க்காதீர்கள். இளநிலையை அரசுக் கல்லூரியில் முடித்து, ஓரிரண்டு ஆண்டு வேலை பார்த்த பிறகு உதவித்தொகையோடு முதுநிலைக்குப் போகட்டும். அதுவரை, கணினிப் பொறியியல் இடத்துக்கு அவருடைய சம்மதமின்றி முன்பணம் கட்ட வேண்டாம்.