வில்லங்கம் சுத்தம் என்றால் வீடு சுத்தமா?

கேள்வி: நானும் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். மதுரை நத்தம் சாலையில் ஊமச்சிகுளத்தைத் தாண்டி, இரைச்சல் இல்லாத ஒரு நகரில் மூன்று சென்ட் இடமும் அதில் கட்டிய வீடும் விலைக்கு வந்திருக்கிறது. 2012-இல் மனையாகப் பிரித்து விற்ற இடம். "15 வருஷ வில்லங்கம் சுத்தம், பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு, நாளைக்கே டோக்கன் போடுங்க" என்று புரோக்கர் அவசரப்படுத்துகிறார். வாங்கலாமா?

பதில்: நாளைக்கு டோக்கன் போடாதீர்கள் அம்மா. வீடு மோசம் என்று நான் சொல்லவில்லை. புரோக்கர் சொன்ன இரண்டு காரணங்களும் போதாது என்றுதான் சொல்கிறேன்.

முதலில் இந்தப் "பஞ்சாயத்து அப்ரூவல்". மதுரையைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் இந்த வார்த்தையைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். விவசாய நிலத்தை மனைகளாகப் பிரிக்க ஊராட்சித் தலைவர் தன்னிச்சையாக அனுமதி கொடுக்க முடியாது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது டி.டி.சி.பி.யின் ஒப்புதல் வேண்டும். தலைவர் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் உள்ள வரைபடத்தைக் காட்டினால், அது வெறும் படம். வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பும் அப்படித்தான், அவற்றால் மனைக்கு அங்கீகாரம் வந்துவிடாது. இந்த ஒரு வார்த்தையை நம்பிச் சேமிப்பை இழந்தவர்கள் வாரம் ஒருவராவது என் அலுவலகத்தில் வந்து உட்காருகிறார்கள். விற்றவரைக் கேட்டால் "அப்பவே சொல்லித்தானே வித்தோம்" என்கிறார். புரோக்கர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொண்டு அடுத்த நகருக்குப் போயிருப்பார்.

"அப்படியென்றால் எப்படிப் பத்திரம் பதிந்தார்கள்?" என்று கேட்பீர்கள். இங்கேதான் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு இதுதான் முக்கியம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது. பிறகு, 2016 அக்டோபர் 20-க்கு முன்பே மனையாகப் பதிவான இடத்தை மறுபடி விற்றால் பதியலாம் என்று வழி வந்தது. உங்கள் இடம் 2012-இல் மனையாக விற்றது என்பதால் சார்பதிவாளர் பதிந்து கொடுத்துவிடுவார். அதை வைத்துத்தான் "ரிஜிஸ்டர் ஆகுதே, அப்புறம் என்ன?" என்பார் புரோக்கர். பதிவு ஆவது வேறு, மனை வரன்முறை ஆவது வேறு. அங்கீகாரம் இல்லாமல் பிரித்த மனையை அரசு பிறகு முறைப்படுத்தி ஆணை கொடுப்பதுதான் வரன்முறை. 2017-இல் வந்த வரன்முறை விதிகளின்படி ஆணை வாங்காத மனையில் நாளைக்கு மாடி எடுக்க முறையான அனுமதி கிடைக்காது. வங்கிக் கடனும் சிக்கும். நீங்கள் விற்கப் போகும்போது, வாங்க வருபவர் இதையே சொல்லி விலையை அடிப்பார்.

வரன்முறை ஆணையிலும் ஒரு தந்திரம் உண்டு. மனைப்பிரிவு முழுவதற்கும் கொள்கை அளவில் ஒப்புதல் தருவது முதல் படி. அதற்குப் பிறகு ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியாகப் பணம் கட்டி ஆணை வாங்க வேண்டும். முதல் படியின் நகலைக் காட்டி "எல்லாம் முடிஞ்சது" என்பார்கள். உங்கள் மனை எண்ணும் சர்வே எண்ணும் போட்ட ஆணையைக் கேளுங்கள். இல்லையென்றால் விற்பவரே வாங்கிக் கொடுத்த பிறகு பேசுவோம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக்கான கட்டட அனுமதி வரைபடம் தனி, அதையும் கேளுங்கள்.

சரி, வில்லங்கச் சான்று. பதிவான பத்திரங்களின் பட்டியல்தான் அது. பதிவாகாத உயிலும், விட்டுப்போன வாரிசும், நடக்கும் வழக்கும் அதில் தெரியாமல் போகலாம். பத்திரத்தை வட்டிக்காரரிடம் கொடுத்துக் கைமாற்று வாங்கியிருந்தால் அதுவும் வராது. அதனால் மூலப்பத்திரத்தின் அசலைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய் தராதீர்கள். "லாக்கர்ல இருக்கு", "தொலைஞ்சுபோச்சு" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். 15 வருடம் போதாது, 30 வருடத்துக்கு வில்லங்கம் போடுங்கள். அப்போதுதான் 2012-க்கு முன் அந்தப் புஞ்சை யாருடையது, அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்துப் போட்டார்களா, அக்கா தங்கை எங்கே என்பது தெரியும். தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு வந்துவிட்டது. இன்னமும் "கட்டிக்கொடுத்தாச்சு, அவளுக்கு என்ன" என்று விட்டுவிட்டுத்தான் விற்கிறார்கள். விற்பவர் உரிமையாளர் அல்ல, அவரிடம் அதிகாரப் பத்திரம் வாங்கிய பவர் ஏஜெண்ட் என்றாலும் வேண்டாம்.

அடுத்தது கண்மாய். மதுரை கண்மாய்களின் ஊர். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் பார்த்தோம். வைகைக்கு வடக்கே ஒரு வீட்டை எனக்குத் தெரிந்தவருக்காகப் பார்க்கப் போனேன். வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. ஆனால் வெளிச்சுவரில் முழங்கால் உயரம் வரை மட்டும் பெயின்ட் புதிது. உள்ளே ஹாலில் ஒரு பிளக் பாயின்டுகூடக் கீழே இல்லை, எல்லாம் நெஞ்சுயரத்தில். பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டதும் சொல்லிவிட்டார், ஐப்பசியில் கட்டிலுக்கு அடியில் தண்ணீர் நிற்குமாம். நீங்களும் இப்படிக் கீழ்ச்சுவரைத் தொட்டுப் பாருங்கள். வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண் நஞ்சையா, புஞ்சையா, குடியிருப்பு நத்தமா, அரசுப் புறம்போக்கா என்பதை இணையத்திலேயே பார்க்கலாம். நிலத்தின் அளவும் எல்லையும் காட்டும் புலப்பட நகலில் ஓடையோ வாய்க்காலோ இடத்தை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் எத்தனை வருடம் குடியிருந்தாலும் வரன்முறை கிடையாது.

ஒரே மூன்று சென்டுக்கு வருவாய்த்துறையில் ஒரு பதிவேடு, பதிவுத்துறையில் ஒன்று, மனைக்கு ஒப்புதல் தரும் திட்டக் குழுமத்தில் ஒன்று, ஊராட்சியில் ஒன்று. ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை, பென்ஷன் பணத்தோடு நிற்கும் உங்கள் தலையில். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று உங்களிடம் வாங்கிக்கொள்ளும் அரசு, விற்றவருக்கு அந்த இடத்தில் உரிமை இருந்ததா என்பதற்குப் பொறுப்பேற்பதில்லை. எனக்கு இது பொறுக்கவே இல்லை.

புரோக்கரிடம் பத்து நாள் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் வேறு வீடு பார்க்கலாம். சட்டக் கருத்து கேட்கும் வக்கீலும் அவர் அழைத்து வருபவராக இருக்க வேண்டாம். மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கம், பட்டா, அ-பதிவேடு, உங்கள் மனை எண்ணுள்ள வரன்முறை ஆணை, கட்டட அனுமதி ஆகியவற்றின் நகல்களை வாங்கிக்கொண்டு மறுபடி எழுதுங்கள் அம்மா. அதுவரை பணம் உங்கள் வங்கிக் கணக்கிலேயே இருக்கட்டும்.